யோப்ஸேயின் பதக்கமும் உன் அத்தானின் மூச்சும்

ஃபிளிசிங்கன்,
1957 நவம்பர், திங்கட்கிழமை

மிடல்பர்க்கில் இருக்கும் அன்புத் தங்கை லேனாவுக்கு அக்கா பீத்தர்னெல்லா எழுதுவது. கர்த்தர் கிருபையால் அங்கே எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே சுகமில்லை. வாத்தியாரம்மாவான என் பேத்தி, தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். அஞ்சாவது வரை படித்தவள் நான், என் வீட்டு விஷயத்தை எழுத எனக்குத் தெரியும் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

உன் அத்தான் வசந்தத்தைப் பார்ப்பது கஷ்டம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அதில்கூட அவருக்கு வருத்தமில்லை, உன் பக்கத்து வீட்டு யோப்ஸே தனக்கு முன்னால் போகவில்லையே என்பதுதான் வருத்தம். இரண்டு பேரும் பழைய கடற்சண்டைகளின் நினைவாக அடித்த வெள்ளிப் பதக்கங்களை வாலிபத்திலிருந்து சேர்க்கிறவர்கள், யார் முதலில் கண்ணை மூடினாலும் அவர் பெட்டி மற்றவருக்கு, பிள்ளைகள் விற்றுச் சிதறடிக்கக் கூடாது என்று வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொன்னவர்கள் என்பது உனக்கே தெரியும். இங்கிலீஷ்காரனோடு நடந்த சண்டைகளில் இவரிடம் இல்லாதது ஒன்றுதான். நம் டச்சுக்காரர்கள் அவன் ஆற்றுக்குள்ளேயே புகுந்து கப்பல்களைக் கொளுத்தினார்களே, அந்தப் பதக்கம். அதை யோப்ஸே ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வருகிறார், நலம் விசாரிக்க அல்ல, நாள் பார்க்க.

"என்னப்பா கிரைன், இன்னும் இருக்கியா?" என்று கேட்டபடிதான் நுழைவார்.

"உன்னைப் புதைச்சிட்டுத்தான் போவேன். உக்காரு."

"மூஞ்சி வெளுத்துக் கிடக்கு."

"வெள்ளின்னா வெளுத்துதான் இருக்கும். உன்னது தகரம், துருப்பிடிச்சிருக்கு."

பிறகு அந்தப் பதக்கத்தை எடுத்து எரிகிற கப்பல் இருக்கும் பக்கத்தை மட்டும் எட்ட நின்று காட்டுவார். இவர் தலையணையை விட்டு எழும்பி, "திருப்புடா" என்பார். "அடுத்த வாரம் உயிரோட இருந்தா பாத்துக்க" என்று பைக்குள் போட்டுக்கொள்வார். அந்த மனுஷனுக்கு நான் காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கோத்து கொடுத்துவிட்டு டப்பாவை மூடினேன். எல்லோருக்கும் கொடுப்பது ஒன்றுதான் என்றாலும், மூடுகிற சத்தத்தைக் கொஞ்சம் பலமாகவே வைத்தேன்.

இவரைப் பார்க்க வந்த பாதிரியாரிடமும் ஜெபிக்கச் சொன்னேன். ஒருவன் சாக வேண்டும் என்று ஜெபிக்கலாகாது என்றார். "சாகச் சொல்லிக் கேக்கல ஐயா, ரெண்டு பேரும் போகத்தான் போறாங்க, வரிசையை மட்டும்தான் கேக்குறேன்" என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆகையால் லேனா, நீ அந்த யோப்ஸேக்குப் பட்டாணி சூப் கொண்டுபோய்க் கொடுப்பதை இன்றோடு நிறுத்து. இருமல் எப்படி இருக்கிறது என்று சுவரில் காதுவைத்துக் கேட்டு எழுது. உன் அத்தான் தோற்றுப் போகிறவர் இல்லை.

கர்த்தர் உங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நிற்பாராக.

உன் அக்கா,
பீத்தர்னெல்லா

பின்குறிப்பு: தபால்தலை வாங்க ஆளில்லாமல் இது சனிக்கிழமை வரை மேசையிலேயே கிடந்துவிட்டது. யோப்ஸே போனது எனக்கு முன்னமே உனக்குத் தெரிந்திருக்கும். அடக்கம் முடிந்ததும் அவர் மகள், அப்பா கொடுத்த வாக்குத் தவறாமல், பெட்டியைக் கொண்டுவந்து உன் அத்தான் கட்டிலில் வைத்தாள். "நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றேன். "மூடி வை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதிலிருந்து அவருக்குத் தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. உங்கள் ஊரில் பதக்கப் பைத்தியம் பிடித்த வேறு கிழவர் யாராவது இருந்தால், எவ்வளவு வாய்கெட்டவராக இருந்தாலும் சரி, நாளைக்கே பஸ் ஏற்றி அனுப்பு.