பெரியம்மாவின் புடவையை அறுபத்திரண்டாக வெட்டிய கதை

திருட்டுப் பொருள் என்று தெரியாமல் ஒரு பட்டுப்புடவையை அறுபத்திரண்டு துண்டுகளாக வெட்டி, தைத்து, சுவரில் தொங்கவிட்டு, மேலே ஸ்பாட் லைட்டும் போட்டு, கடைசியில் அந்தப் புடவையைப் பறிகொடுத்தவளையே வேன் வைத்து அழைத்துவந்து காட்டியவள் நான். இவ்வளவு வசதி செய்துகொடுத்தால் எந்தத் திருட்டுதான் பிடிபடாது?

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில் கையும் காலும் உள்ள எல்லாரும் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பிரேசர் டவுனில் ஒரு வீட்டின் பின்பக்கம், கார் நிறுத்தும் ஷெட்டை வாடகைக்கு எடுத்து, பழைய புடவைகளை வெட்டி ஒட்டித் தைத்துப் பெரிய பெரிய சுவர்த்துணிகள் செய்துகொண்டிருந்தேன். நான் அதை ஸ்டூடியோ என்றேன். வீட்டுக்கார அம்மாள் சாகும்வரை ஷெட்டு என்றுதான் சொன்னார். ஆனேக்கல்லில் இருந்த அப்பாவிடம் யாராவது, “பொண்ணு என்ன பண்றா?” என்று கேட்டால், “துணி லைன்ல இருக்கா” என்று சொல்லிவிட்டு மழை பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அப்பாவுக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. என் முதல் கண்காட்சியில் இருப்பதிலேயே பெரிய சுவர்த்துணி விற்றால் நான் என் வழியில் போகலாம். விற்காவிட்டால் மறுநாளே கம்ப்யூட்டர் வகுப்பு. விண்ணப்பத்தை அவரே பூர்த்தி செய்து, என் போட்டோவை ஒட்டி, முருகன் படத்துக்குக் கீழே வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. (அந்தப் போட்டோவில் நானே எனக்கு வேலை தரமாட்டேன். அது வேறு விஷயம்.)

அந்தப் பெரிய சுவர்த்துணி ஒன்பதடி உயரம். நடுப்பகுதிக்கு நல்ல கிளிப்பச்சை வேண்டியிருந்தது, எங்கும் கிடைக்கவில்லை. ஆனேக்கல் வீட்டில் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பரணில் ஏறினேன். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு அரிசிச் சாக்கு. சாக்குக்குள் தலையணை உறை. உறைக்குள் நியூஸ்பேப்பர். பேப்பருக்குள் கிளிப்பச்சைப் பட்டு, கடுகு நிறக் கரை! யாரோ கட்டி அலுத்துத் தூக்கிப்போட்டது என்று நினைத்துக்கொண்டேன். தூக்கிப்போட்ட புடவைக்கு எதற்கு மூணு உறை என்று கேட்டுக்கொள்ளத் துப்பறியும் மூளை தேவையில்லை, சாதாரண மூளையே போதும். அது எனக்கு அன்று இல்லை.

முந்தானையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை விழுந்து, அதை யாரோ சிவப்பு நூலில் டார்னிங் செய்திருந்தார்கள். பச்சையில் சிவப்பு! சொக்கிப்போனேன். அந்தத் துண்டைச் சரியாகப் பார்ப்பவர் கண்ணுக்கு நேராக வைத்துத் தைத்தேன். பக்கத்தில் ஓர் அட்டையும் மாட்டினேன்: “நடுவிலுள்ள சிவப்புத் தையல், பெயர் தெரியாத ஓர் எளிய பெண்ணின் மௌனக் குரல்.”

அதன்பிறகு இரண்டு மாதம் அம்மா வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். “என்னம்மா தேடறே?” என்றால், “ஒண்ணுமில்ல” என்பார். ஆள் இளைத்தே போய்விட்டார். வயசாகிறது, ஞாபக மறதி என்று நானும் அப்பாவும் பேசிக்கொண்டோம்.

கண்காட்சி ஏழு நாள். ஆறு நாளில் வந்தவர்கள், கழிவறை எங்கே என்று கேட்டு வந்த இருவரையும் சேர்த்து, பதினொரு பேர். கடைசி நாள் ஐந்து மணிக்கு ஒரு ஓட்டலின் உள்அலங்காரத்தைப் பார்த்துக்கொள்ளும் மேடம் வருவதாகப் போன் வந்தது. காலி ஹாலைக் காட்டினால் என்ன நினைப்பார்? கூட்டம் வேண்டும். உடனே ஒரு வேனைப் பிடித்து, ஆனேக்கல்லிலும் அத்திபெலேயிலும் இருந்த சொந்தக்காரர்கள் பதினாலு பேரை அள்ளிப்போட்டு வரச்சொன்னேன்.

வேனிலிருந்து முதலில் இறங்கியது சரோஜா பெரியம்மா, அம்மாவின் அக்கா. அத்திபெலேயில் மாவுமில் வைத்திருக்கிறார். மில் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அவர் ரகசியம் சொன்னாலே தெருமுனைவரை கேட்கும். சுவர் பக்கம் திரும்பாமல் நேரே காபி மேஜைக்குப் போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். அப்பா ஒரு மஞ்சள் பையோடு வந்து வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். பைக்குள்ளிருந்து அந்த விண்ணப்பத்தின் நுனி எட்டிப் பார்த்தது.

அம்மா கடைசியாக உள்ளே வந்தார். நடுச் சுவரைப் பார்த்தார். பேயறைந்தது போல நின்றுவிட்டார். பெற்ற தாயையே என் கலை உலுக்கிவிட்டது என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கக்கேடு! அம்மா விடுவிடுவென்று போய், சுவர்த்துணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நின்றார்.

ஐந்து மணிக்கு மேடம் வந்தார். “எங்கம்மா அந்த பிக் பீஸ்?”

“இதோ மேடம்” என்று காட்டினேன். அம்மாதான் தெரிந்தார்.

“கொஞ்சம் தள்ளும்மா.”

“கால் வலிக்குது.”

“சேர் போடறேன்.”

“சேர்ல உட்கார்ந்தா முதுகு வலிக்கும்.”

“அப்போ என்னதான்மா பண்ணப்போறே?”

“இங்கயே நிக்கறேன். ஆறு மணிக்கு மூடிடுவாங்கல்ல?”

மேடம் தலையைச் சாய்த்து அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். “இவங்களும் பீஸோட சேர்த்தியா? சக்கத்தா இருக்கு, சூப்பர்!”

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். “மாலா, சொன்னாக் கேளு. பெத்தவளை நாசம் பண்ணாதே” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. ஹாலில் அத்தனை பேர் இருக்க, நான் உதவிக்குக் கூப்பிட்டது யாரைத் தெரியுமா?

“பெரியம்மா, இவங்களைக் கொஞ்சம் இழுங்களேன்!”

மாவு மூட்டை தூக்கிய கை. அம்மா ஒரே இழுப்பில் இந்தப் பக்கம் வந்துவிட்டார். பெரியம்மா நிமிர்ந்தார். சிவப்புத் தையல் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது.

கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒரு விரலால் தையலைத் தடவினார். முதலில் அட்டையைத்தான் பிடித்துக்கொண்டார். “யாருடி எளிய பெண்? என்னடி மௌனக் குரல்? தீபாவளிக்குப் புஸ்வாணப் பொறி பட்டு ஓட்டையாச்சு. பச்சை நூல் இல்லாம சிகப்பு நூல்ல தெச்சது நானு! மாவுமில் சரோஜான்னா அத்திபெலேல நாய்கூட வழி காட்டும். எனக்கா பேர் தெரியல?” பிறகுதான் மெதுவாக அம்மா பக்கம் திரும்பினார். “விமலா. இதை நீ பஸ்ல வெச்சு மறந்துட்டேன்னியே?”

அந்த பஸ் கதை எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். பத்தொன்பது வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ளப் பெரியம்மாவின் பட்டை இரவல் வாங்கிப்போன அம்மா, திரும்பி வரும்போது பஸ்ஸில் பையை மறந்துவிட்டார். அன்றிலிருந்து பெரியம்மா அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறுவதில்லை. காலி சீட்டோடு வந்து நின்று, “அத்திபெலே, அத்திபெலே” என்று கண்டக்டர் கூவினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்.

“இது வேற புடவைக்கா” என்று அம்மா ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை. உடைந்து அழுதுவிட்டார். “குடுத்தா நீ கட்டுவே. சின்ன வயசுலேர்ந்து எதைக் கட்டினாலும் உனக்குத்தான் எடுப்பா இருக்கும். அந்தப் பச்சைல அன்னிக்கு ஒரு நாள்தான் நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. திருப்பிக் குடுக்க மனசு வரலக்கா. கட்டிக்கவும் தைரியம் இல்ல.”

அம்மாவை அப்படி நான் யோசித்ததே இல்லை. பெரியம்மாவுக்கும் கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: “அதுக்கு ஏன்டி பஸ் மேல பழி போட்டே? எனக்கு மூட்டுவலி வந்ததே அந்த ஸ்டாப்புல நின்னு நின்னுதான்!”

அதற்குள் அத்தை, “விமலா பரண்ல இன்னும் யார் யாரோடது இருந்துச்சோ!” என்று கொளுத்திப் போட்டார். அவ்வளவுதான். வேனில் வந்த மீதி பதினொரு பேரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மற்ற சுவர்த்துணிகளை ஓரம் ஓரமாக மோந்து பார்க்காத குறையாகத் தேட ஆரம்பித்தார்கள். மாமா ஒருவர் தன் வேட்டிக் கரை கிடைத்துவிட்டதாக அறிவித்தார். மேடம் என் காதருகே வந்து, “ஒரு ஷோல ஆடியன்ஸ் இவ்வளவு இன்வால்வ் ஆகி நான் பார்த்ததே இல்ல. பிக் பீஸ் எனக்கு வேணும்” என்றார்.

“என் புடவையை விக்க இவ யாரு?” என்றார் பெரியம்மா. “எனக்குத் திருப்பிக் குடு.”

“அறுபத்திரண்டு துண்டா இருக்கே பெரியம்மா.”

“சேர்த்துத் தை. தைக்கத் தெரியும்னுதானே சொல்லிக்கறே?”

வாசலோரம் அப்பா எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். பார்த்தேன். கூச்சம் மானம் எல்லாவற்றையும் விட்டு, மேடத்துக்கு முன்னாலேயே, பெரியம்மாவின் காலில் தொபுக்கடீரென்று விழுந்தேன்.

“இது விக்கலைன்னா நாளைக்கு நான் கம்ப்யூட்டர் கிளாஸ்ல உட்காரணும் பெரியம்மா!”

“நல்லதுதானேடி அது?” என்று பெரியம்மா யோசித்தபோது என் உயிர் போய் வந்தது. பிறகு என்னைத் தூக்கி நிறுத்தினார். “சரி, விக்கட்டும். ஆனா அந்த அட்டையைக் கிழி. நான் சொல்றதை எழுது.”

அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “என் பேரு மட்டும் வேணாம்க்கா.” பெரியம்மா மனமிரங்கி ஒப்புக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், கீழே மேடம் ஆங்கிலத்தில் எழுதினார்: “இந்தப் பச்சைப் புடவை அத்திபெலே மாவுமில் சரோஜாவுடையது. தங்கை இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை.” (பெரியம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு தங்கை.)

ஓட்டல் வரவேற்பறையில் அந்த அட்டையோடுதான் மாட்டினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அதைப் படித்துவிட்டு மௌனமாக நின்றதாக மேடம் போனில் சொன்னார். ஒரு விமர்சகர், நவீன வாழ்வின் இழப்புகளை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன இளம் கலைஞர் இந்நகரில் வேறில்லை என்று எழுதினார். அப்பா விண்ணப்பத்திலிருந்து என் போட்டோவைப் பிய்த்து எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது தொலைத்தால், “பஸ்ல வெச்சுட்டியா?” என்று அம்மாவைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

ஆனால் நிஜமான விளைவு வேறு. அடுத்த மாதத்திலிருந்து குடும்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராக, தனித்தனியாக, பேப்பர் சுற்றிய பொட்டலத்தோடு ஸ்டூடியோவுக்கு வர ஆரம்பித்தார்கள். நாத்தனாருடையது, ஓரகத்தியுடையது, எதிர்வீட்டுக்காரியுடையது. எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “யாரோடதுன்னு தெரியாத மாதிரி பண்ணிடு.” கலைஞர் என்று என்னை இவர்கள் மதிப்பது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். இருபது வருடத்துக்கு மேலாக எனக்குத் துணிப் பஞ்சமே வந்ததில்லை.

போன மாதம் சரோஜா பெரியம்மாவே ஆட்டோவில் வந்து இறங்கினார். முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். மாம்பழ மஞ்சள் நைலக்ஸ், கறுப்புப் புள்ளி. நான் பிறப்பதற்கு முன்பே கொடியிலிருந்து காணாமல் போனதாக அம்மா வர்ணித்து வர்ணித்து எனக்குப் புள்ளி எண்ணிக்கைகூடத் தெரியும். அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரியோடு அம்மா இன்றுவரை பேசுவதில்லை.

“பெரியம்மா, இது அம்மாவோடது!”

“கத்தாதேடி” என்றார் பெரியம்மா, வாழ்க்கையில் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி. “பொடிப்பொடியா வெட்டு. கண்ணு ஆபரேஷன் பண்ணினதுலேர்ந்து உங்கம்மாவுக்கு எல்லாம் பளிச்சுனு தெரியுது.”