கேப்டன் ஓரிக்கின் தலைக்கவசம்

பெட்டியைப் பிரித்ததும் சஜனுக்கு அழுகை வந்துவிட்டது. விண்வெளிப் படத்தில் கேப்டன் ஓரிக்கின் தலைக்கவசம் எஃகுச் சாம்பல் நிறம். பெட்டிக்குள் இருந்ததோ கிளிப்பச்சை.

"கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு! மூக்கு மட்டும் சிவப்பா இருந்தா பேசும்," என்றாள் மனைவி ஜிஜி.

சஜன் தலைக்கவசத்தை விற்றவனை போனில் கூப்பிட்டான்.

"பச்சையா வந்திருக்கே சார்?"

"வெளிச்சத்துல பாத்தா சாம்பலாத்தான் தெரியும் சார்."

"எந்த வெளிச்சத்துல? நான் முற்றத்துல வச்சுப் பாத்தாச்சு."

"அது பூமி வெளிச்சம் சார். இது விண்வெளிக்கு உள்ளது," என்று சொல்லி வைத்துவிட்டான் அவன். அதன்பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் அவன் எடுக்கவில்லை.

சஜன் பாறசாலையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்களையும் எட்டுப் போடவைத்து லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிடுவான். அப்படி ஒரு பொறுமைசாலி அந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஆனால் அஜேஷ் என்ற பெயர் காதில் விழுந்தால் போதும், அந்தப் பொறுமை வண்டியை நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்கிப் போய்விடும்.

அஜேஷ் திருப்புறத்துக் கல்யாண போட்டோகிராபர். கல்லூரியில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. கேப்டன் ஓரிக்கின் முதல் படத்தை வகுப்பைக் கட் அடித்துவிட்டு ஒன்றாகப் போய்ப் பார்த்தவர்கள். ஆனால் இரண்டாம் பாகம் வந்தபோது நெய்யாற்றின்கரைத் தியேட்டர் வாசலில் ஓரிக் வேஷத்தில் நின்றது அஜேஷ் மட்டும்தான். பிள்ளைகளெல்லாம் அவன் காலைக் கட்டிக்கொண்டன. சஜன் அன்று டிக்கெட் வரிசையில் நின்று அதைப் பார்த்தான். படத்தில் என்ன நடந்தது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

இப்போது மூன்றாம் பாகம் வரப்போகிறது. ரசிகர்களின் வாட்ஸாப் குழுவில் சனிக்கிழமைச் சாயங்காலத்துக்குள் போட்டோ போட வேண்டும். யாருடைய தலைக்கவசத்துக்கு ஓட்டு அதிகமோ அவர்தான் தியேட்டர் வாசலில் நிற்கலாம்.

"அவன் அதுக்குள்ள நாலு தலைக்கவசம் மாத்தியாச்சு பிள்ள," என்றான் சஜன். "ஒரு தடவ போட்டத பின்ன காணவே மாட்டோம். புதுசு புதுசா இறக்குதான். எனக்கு வாழ்க்கையில கிடைச்சது ஒரே ஒண்ணு, அதுவும் பச்ச!"

"வேதக் கோயில்ல பத்துக் கட்டளை வாசிச்சப்பம், அடுத்தவன் பொருளுக்கு ஆசப்படாதேங்குற கடைசிக் கட்டளைக்கு நீங்க உறங்கிட்டியளோ?" என்று கேட்டுவிட்டு ஜிஜி அடுக்களைக்குப் போனாள்.

நிறம்தானே, மாற்றிவிடலாம் என்று இரும்பு கேட்டுக்கு அடிக்கும் வெள்ளிப் பெயின்டை வாங்கி வந்தான். கடைக்காரர் கருணாகரன் தின்னர் கலந்து அடிக்கச் சொன்னார். எதற்கு அடிக்கப்போகிறான் என்று அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. தின்னர் பட்டதும் பிளாஸ்டிக் உருகியது. கேப்டனின் தாடை முழுவதும் அம்மைத் தழும்பு.

தழும்பை மறைக்க, விபத்தான கார்களுக்குப் பூசும் பட்டியைப் பூசினான். தழும்பு மறைந்தது, எடை கூடியது. எடை கூடியதும் தலைக்கவசம் முன்பக்கம் சரிந்து மூக்கில் உட்கார்ந்தது. சமன் செய்வதற்குப் பின்பக்கம் ஏதாவது வைக்க வேண்டும். சும்மா கல்லை வைப்பதைவிட கேப்டனின் குரல் வரும் பெட்டியை வைத்தால் என்ன என்று தோன்றியது. மொபைல் ரிப்பேர் அனிலிடமிருந்து ஒன்றை வாங்கி, உள்ளே வைத்து, அதன்மேலும் பட்டியைப் பூசி மூடி, எல்லாவற்றுக்கும் மேல் மிச்சப் பெயின்டைத் தின்னர் இல்லாமல் அடித்தான்.

படத்தில் கேப்டன் ஓரிக் நூறு வசனம் பேசுவார். பெட்டிக்குத் தெரிந்தது ஒன்றுதான். தலையை லேசாக அசைத்தாலே கரகரவென்று ஆங்கிலத்தில் கத்தியது.

"சரண்டர், எர்த்வேம்!"

"எதுக்கு வையுது?" என்று கேட்டாள் ஜிஜி.

"வையல்ல. சரணடை மண்புழுவேன்னு சொல்லுது."

"அது வசவாக்கும்."

நிறுத்துவதற்கான சுவிட்ச் பட்டிக்கு அடியில் போய்விட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குறை பாக்கி. தலைக்கவசம் பெரிசு. உள்ளே சஜனின் தலை, டப்பாவுக்குள் கிடக்கும் கொட்டைப்பாக்கைப்போல உருண்டது. அவன் இடப்பக்கம் திரும்பினால் கேப்டன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அஜேஷின் வீடியோ வந்தது. பூவாரில், படகில், தலைக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தான். வாய்ப்பக்கத்து ஓட்டைக்குள் ஸ்ட்ராவை விட்டு கரிக்கு இளநீர் குடித்தான். தலையைத் திருப்பினால் கவசமும் கூடவே திரும்பியது. மயிரிழை இடைவெளி இல்லை. 'தோலுபோல ஒட்டிக் கெடக்கு மக்கா', 'பிறவி கேப்டன்' என்று குழுவில் பூமாரி.

"காலம்பற போட்ட வீடியோவுலயும் இதத்தான் மாட்டியிருந்தான். நேத்தும் இதேதான்," என்றான் சஜன்.

"இந்த வெயில்ல கழத்தி வச்சிட்டுக் குடிச்சா என்னவாம்?"

"கழத்தமாட்டான் பிள்ள. அதாக்கும் அர்ப்பணிப்பு! அந்தப் பாத்திரமாவே வாழுதான் பாவி!"

சஜன் எழுந்தான். காருக்குள் கிடந்த சீட் ஸ்பாஞ்சை வெட்டினான். செருப்பு ஒட்டும் ரப்பர் பசையைத் தாராளமாகத் தடவி கவசத்தின் உள்பக்கம் முழுவதும் ஒட்டினான். காய்வதற்கு ஒரு நாள் ஆகும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. சாயங்காலத்துக்குள் போட்டோ போக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே அழுத்தினான். காது இரண்டும் மடங்கி உள்ளே போயின.

ஜிஜி போட்டோ எடுத்தாள். போனை வாங்கிப் பார்த்த சஜன் அப்படியே நின்றுவிட்டான். சாம்பல் நிறம், நீலக் கண்ணாடி, கம்பீரம். தலையைத் திருப்பிப் பார்த்தான். கேப்டனும் திரும்பினார்.

"ஜிஜி, அஜேஷ் இண்ணைக்கு ராத்திரி சோறு உண்ணமாட்டான்," என்றான். இந்த ஜன்மத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவன் அனுபவித்ததில்லை.

போட்டோவைக் குழுவில் போட்டுவிட்டுக் கழற்றப் பார்த்தான். வரவில்லை.

ஜிஜி இழுத்தாள். வரவில்லை. தேங்காய் எண்ணெயை ஊற்றினார்கள். ஸ்பாஞ்ச் அதைக் குடித்து உப்பியது. சோப்புத் தண்ணீரை ஊற்றினார்கள், இன்னும் உப்பியது. சஜனைக் கட்டிலில் படுக்கவைத்து, தோளில் காலை ஊன்றி, கவசத்தைப் பிடித்து ஜிஜி ஆனமட்டும் இழுத்தாள்.

"சரண்டர், எர்த்வேம்!"

"நான் சரண்டர் ஆயாச்சு," என்று மூச்சுவாங்க உட்கார்ந்தாள் ஜிஜி. "எழும்புங்க. ஆசுபத்திரிக்குப் போவோம்."

"பாறசாலையில வேண்டாம். எனக்கிட்ட படிச்ச பிள்ளைய எல்லாம் அங்க உண்டு. நெய்யாற்றின்கரைப் பக்கம் போ. அங்க என்னைய ஒருத்தருக்கும் தெரியாது."

ஜிஜி ஸ்கூட்டரை ஓட்ட, டிரைவிங் ஸ்கூல் ஆசான் பின்னால் உட்கார்ந்தான். ஒவ்வொரு குழிக்கும் கேப்டன் உலகத்தைச் சரணடையச் சொன்னார். அமரவிளையில் போலீஸ் கைகாட்டியது.

"எந்தா இது? ஹெல்மெட்டோ? ஐஎஸ்ஐ முத்திரை எவிட?" என்றார் போலீஸ்காரர்.

சஜன் இறங்கி விளக்கம் சொல்லத் தலையை நிமிர்த்தினான்.

"சரண்டர், எர்த்வேம்!"

போலீஸ்காரர் ஓரடி பின்வாங்கினார். ஜிஜி கையெடுத்துக் கும்பிட்டு நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. மலையாளத்தை விட்டுத் தமிழுக்கு வந்தார்.

"கேப்டன் ஓரிக்! எனக்க மோனுக்கு இவரு தெய்வமாக்கும். நில்லுங்க, ஒரு செல்ஃபி." எடுத்து முடித்துவிட்டு, சஜனை ஏற இறங்கப் பார்த்தார். "முன்ன தியேட்டர் வாசல்ல நின்னது நீங்கதானே?"

"அது நான் இல்ல சார்."

"அதான் பாத்தேன். அவரு இதவிட எடுப்பா இருந்தாரு," என்று வழிவிட்டார்.

எண்ணெயும் சோப்பும் வழிந்த கண்ணுக்குள் இப்போது கண்ணீரும் சேர்ந்துகொண்டது. காது வலித்தது, கழுத்து வலித்தது. அந்த வலியெல்லாம் ஒன்றுமில்லை.

வழியில் தென்பட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் முன்னால் ஜிஜி வண்டியை நிறுத்தினாள். சஜன் அவள் கையைப் பிடித்தான்.

"எனக்க பேர மட்டும் சொல்லிராத. இங்கேருந்து திருப்புறம் பக்கமாக்கும். தலைய வெட்டி எடுத்தாலும் சரி, இது அஜேஷுக்குத் தெரிஞ்சிரப்பிடாது. அவனுக்கு எல்லாம் அளவெடுத்துத் தச்சமாதிரி இருக்கு. நான் இப்பிடி மாட்டிக் கிடக்கேன்னு கேட்டா சிரிச்சே செத்துருவான். பின்ன நான் இந்தப் பூமியில இருக்கண்டாம்."

"சரி, சொல்லல்ல. வாங்க."

உள்ளே பெஞ்சில் இருந்தவர்கள் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு குழந்தை வீரிட்டது. கவசத்துக்குள் இருப்பது யாரென்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்ற ஒரே ஆறுதலோடு சஜன் தலையை அசைக்காமல் நின்றான்.

காயம் கட்டும் அறைக் கதவு திறந்தது. நர்ஸ் புஷ்பபாய் வெளியே எட்டிப் பார்த்தாள். கேப்டன் ஓரிக்கைக் கண்டு அவள் திடுக்கிடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. உள்ளே திரும்பி அறுக்கிற மெஷினை எடுத்து வைக்கச் சொன்னாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சஜனைப் பார்த்தாள்.

"எலே அஜேஷே, பின்னயும் மாட்டிக்கிட்டியா? போன தடவ அறுத்து எடுத்தப்பமே சொன்னேன்லா, இனி இந்தச் சாதனத்த வாங்காதேன்னு!"