ரெண்டு பேருக்கு மட்டும் ஒரு பெஞ்சு

இந்த வருஷம் எப்படியாவது தினம் ஒரு மணி நேரம் என் மனைவியின் பக்கத்தில் உட்காருவது என்று முடிவெடுத்தேன். சிரிக்காதீர்கள். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷம் ஆனவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய திட்டம் என்று தெரியும்.

வீட்டுக்குள் அது நடக்காது. சோபாவில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "சும்மாத்தானே இருக்கீங்க" என்று பாசார் சந்தையில் வாங்கிய பூண்டு மொத்தமும் என் மடிக்கு வந்துவிடும். தள்ளி உட்கார்ந்தால், "காலைத் தூக்குங்க, மாப் போடணும்." ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற இந்த இரண்டு வருஷத்தில் நான் காலைத் தரையில் வைத்த நேரம் குறைவு.

கல்யாணத்துக்கு முன்னால் கதை வேறு. ரவாங் ஸ்டேஷனில் நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள், சாந்தமேரி, பக்கத்துத் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட். சாயங்கால ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இருபது நிமிஷம் பேசுவோம். ரயில்வேயில் சம்பளம் வாங்கிக்கொண்டே, ரயில் லேட்டாக வரட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அந்த இருபது நிமிஷத்துக்காக இன்றைக்கும் ஏங்குகிறேன். அதை அவளிடம் சொன்னதில்லை.

இந்த வருஷம் நான் அந்த முடிவெடுத்த சமயத்தில்தான் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டுக்கு வெளியே, பழைய மெத்தைகளும் ஓடாத மோட்டார் சைக்கிள்களும் கிடந்த காலி நிலத்தை எல்லாருக்கும் பொதுவான இடமாக மாற்றப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பிளான் போட வனேசா என்ற பெண் வந்தாள்.

"நான் வரைய மாட்டேன் அங்கிள். நீங்கதான் வரையணும்."

"எனக்குக் கோடே நேரா வராதும்மா."

"கோடு வேணாம், நாற்காலி போதும். ஒரு வாரத்துக்கு எல்லாரும் வீட்டு நாற்காலியக் கீழ கொண்டாந்து புடிச்ச இடத்துல போடுங்க. ஆளுங்க நெசமாவே எங்க உக்கார்றாங்கன்னு போட்டோ எடுப்பேன். ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல ஓட்டு. அவ்ளோதான் லா."

அன்றைக்கே மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒட்டிப் போட்டேன். மூன்றாவது ஆள் நுழைந்துவிடாதபடி இரண்டு பக்கமும் பூச்சட்டி வைத்தேன். மேரிக்குக் காரணம் சொல்லவில்லை. பெஞ்சு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மூன்றாவது ஆள் வரவில்லை. இரண்டாவது ஆள் வந்துவிட்டார். மூணாவது மாடி பழனியப்பன்.

"காத்து நல்லா வருது அண்ணே" என்று மேரியின் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தன் முழங்கால் ஆபரேஷன் கதையை ஆரம்பித்தார். திங்கட்கிழமை தோலை வெட்டினார்கள். வியாழக்கிழமைதான் எலும்புக்கு வந்தார்கள். வனேசா தினமும் எங்கள் இரண்டு பேரையும் போட்டோ எடுத்தாள். எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் எழுந்து பேசியவர்கள் எல்லாரும் பத்துப் பேர் உட்காரும் நீள பெஞ்சு கேட்டார்கள். வனேசா மைக்கை என்னிடம் நீட்டினாள்.

"அங்கிள், உங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டு பேர் பெஞ்சு?"

அறுபது பேர் திரும்பினார்கள். முன் வரிசையில் மேரி. 'என் பொண்டாட்டியோட உக்காரணும்' என்பது தொண்டைவரை வந்தது. அறுபத்திரண்டு வயசில் இதை மைக்கில் சொன்னால், என்னைப் பெட்டியில் வைக்கும் நாள்வரை பிளாட்டே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

"வந்து... ரிட்டயர் ஆன ஆம்பளைங்க ரெண்டு பேரு நிம்மதியா உக்காந்து பேச ஒரு இடம் வேணும்ல" என்றேன்.

முதலில் உயர்ந்தது மேரியின் கை. அடுத்தது பழனியப்பன் மனைவி இராஜம்மாவின் கை. அப்புறம் ஒன்றாம் மாடியிலிருந்து பத்தாம் மாடிவரை உள்ள மனைவிமார் அத்தனை பேரின் கையும். என் பெஞ்சு ஜெயித்தது. நான் சொல்லாததும் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்குக் கேட்காமலே பூண்டு உரித்துக் கொடுத்தேன்.

மூன்று மாதத்தில் பெஞ்சு வந்தது. தலைக்கு டை அடித்தேன். சட்டையை நானே இஸ்திரி போட்டேன்.

"மேரி, கீழ போலாமா?"

"நீங்க போங்க. பின்னாடியே வரேன்."

வந்தாள். கையில் பிளாஸ்க், இரண்டு கப். நான் நகர்ந்து இடம் விட்டேன். அவளுக்குப் பின்னால் லிப்டிலிருந்து பழனியப்பன் வந்தார், கையில் எக்ஸ்ரே கவரோடு.

"உக்காருங்கண்ணே" என்று அவரை என் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"மேரி, இது..."

"நீங்கதானே மைக்ல சொன்னீங்க? அந்த ஒரு வாரம் நீங்க ரெண்டு பேரும் கீழ இருந்தீங்க. வீடு எவ்வளவு அமைதியா இருந்துச்சு தெரியுமா? மீட்டிங்குக்கு முன்னாடியே நானும் இராஜம்மாவும் பத்து மாடியும் ஏறி எறங்கி ஓட்டுக் கேட்டோம்."

கோப்பியை ஊற்றினாள். உடனே போகவில்லை. என் தலையைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள்.

"ஏங்க, வேற யாரையாச்சும் நெனச்சு இந்த பெஞ்சைக் கேட்டீங்களா?"

பழனியப்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேச்சே, இல்லையே."

"அப்ப சரி. ஏழு மணி வரைக்கும் பேசிட்டு வாங்க."

லிப்ட் கதவு மூடும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழனியப்பன் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் நாலாவது மாடியில் எங்கள் ஜன்னலிலிருந்து மேரியும் இராஜம்மாவும் சிரிக்கும் சத்தம் வந்தது. மேரி இப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. என்னால் உட்கார முடியவில்லை. எதுவாக இருந்தாலும் இப்போதே போய்ச் சொல்லிவிடுவது என்று எழுந்தேன்.

மேலே ஜன்னலில் மேரி தலையை நீட்டினாள்.

"என்னங்க, மணி ஆறுதான் ஆகுது! உக்காருங்க!"