நமாகுரோ திருப்பி வைத்த படகுகள்

‘விண்மீன் வாசல்’ மாத இதழின் வாசகர் பக்க ஆசிரியர் நிஷிகாதா அவர்களுக்கு,

காவாசாகியிலிருந்து குவாபரா ஃபுமியே தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. மழை ஓய்ந்து, சிள்வண்டுகள் காதைத் துளைக்கும் இந்த நாட்களில் தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு எழுபத்தெட்டு வயது. வானத்திலிருந்து வரும் கப்பலிலும் கடலிலிருந்து வரும் மிருகத்திலும் எனக்கு எந்த ஈடுபாடும் கிடையாது. இருந்தாலும், சென்ற இதழில் தங்கள் ரசிகர்கள் பிழை, பிழை என்று நாலு பக்கம் எழுதியிருந்தார்களே, அது பிழை இல்லை. அது என் வீட்டுக்காரர்.

விவரமாகச் சொல்கிறேன். பழைய ‘ஏழாம் அலை’ தொலைக்காட்சித் தொடரில் நமாகுரோ என்ற கடல் மிருகத்தின் ரப்பர் உடுப்புக்குள் இருந்து ஊரை மிதித்தவர் என் கணவர் டமோட்சு. அவர் காலமாகிப் பல வருஷமாயிற்று. இப்போது அந்தத் தொடருக்கு மரியாதை செய்கிறோம் என்று புதிதாக ஒன்று எடுத்திருக்கிறார்கள் அல்லவா, அதைப் பார்க்க என் அக்கா மகன் மிட்சுரு வந்திருந்தான். ஐம்பது வயது, நகராட்சியில் குடிநீர்ப் பிரிவில் உத்தியோகம், வீடு நிறைய நமாகுரோ பொம்மை, ஒன்றையாவது பெட்டியிலிருந்து வெளியே எடுக்க மாட்டான். “சித்தி, அதே சைரன் சித்தி. அதே பாலம். பாருங்க, அதே மாதிரி மூணாவது தூண்தான் உடையுது” என்று மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தான். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அப்போது நமாகுரோ துறைமுகத்தில் எழுந்தது. கரையில் கால் வைக்குமுன் நின்றது. நமக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் குனிந்து, இரண்டு மீன்பிடிப் படகுகளை எடுத்துக் கரையோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. ஒன்றின் முகம் கடலைப் பார்க்க, மற்றது ஊரைப் பார்க்க. பிறகுதான் ஊருக்குள் நுழைந்தது. மிட்சுருவின் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. “இது பழசுல இல்லையே சித்தி” என்றான். இல்லைதான். அது எங்கள் வீட்டு வாசலில் இருந்தது.

வீட்டுக்குள் ஏறுமுன் காலணியைக் கழற்றி இரண்டையும் வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கிற பழக்கம் இந்த நாட்டில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றை வாசலைப் பார்க்கவும் மற்றதை வீட்டைப் பார்க்கவும் வைப்பார். ஒருமுறை படப்பிடிப்புத் தொட்டியில் உடுப்புக்குள் தண்ணீர் புகுந்து, கத்தியால் கிழித்து வெளியே இழுத்தார்கள். அன்றைக்குப் பிடித்த பழக்கம். “ரெண்டும் வெளிய பாத்தா நான் போயிட்டே இருப்பேன் ஃபுமி. ஒண்ணாவது வீட்டைப் பாக்கட்டும்” என்பார். நான் கத்தாத நாள் இல்லை. நாய் வாலை நிமிர்த்த முடியுமா? எங்கள் வாசல் இரண்டு பேர் நிற்க இடமில்லாத வாசல், விருந்தாளி என்று வருபவன் மிட்சுரு ஒருவன்தான். அவனே கவனித்ததில்லை என்றால் வேறு யாருக்குத் தெரிந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் தங்கள் ரசிகர்களுக்குத் தெரியாதது உண்டா? மிட்சுரு வாரம் தவறாமல் கைபேசியில் வாசித்துக் காட்டினான். ஒருவர் போரும் சமாதானமும் என்கிறார். ஒருவர் படகுகளின் கோணத்தை அளந்து ஏதோ நட்சத்திரத்தில் கொண்டு போய் முடிக்கிறார். பழையதில் இல்லாததைச் சேர்ப்பதற்குப் பெயர் மரியாதையா என்று ஒரு கூட்டம் கையெழுத்து வாங்குகிறது. இதற்கிடையில், முடிவில் காட்டும் பெயர்களில் என் வீட்டுக்காரர் பெயரையும் சேர்க்க அனுமதி கேட்டு, தயாரிப்புக் கம்பெனியில் படம் வரைகிற கானோ என்ற பெண் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். “இப்ப அந்த உடுப்புக்குள்ள யாரும்மா?” என்று கேட்டேன்.

“உள்ள யாருமே இல்லைம்மா. எல்லாம் கம்ப்யூட்டர்ல வரையறதுதான்.”

“அப்ப அந்தப் படகு?”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் வரையலைம்மா. பக்கத்து சீட்டுக்காரர்தான்னு நான் நினைச்சேன், அவர் நான்தான்னு நினைச்சிருக்கார். ஒரு தடவை அழிச்சும் பாத்தோம். டிவில வந்தப்ப திரும்ப இருந்துச்சு.”

நான் சிரித்து வைத்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினேன். அந்தப் பெண் அங்கேயே நின்றுவிட்டாள். வரும்போது அவள் ஒழுங்காகத் திருப்பி வைத்த காலணிகளில் ஒன்று வீட்டைப் பார்த்து இருந்தது. நாடாவைக்கூடக் கட்டாமல் போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் விடிந்தால் என் காலணிகள் அப்படித்தான் இருக்கின்றன. நான் திருப்பி வைப்பேன், மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. எனக்குப் பயம் ஒன்றும் இல்லை, ஆனால் வாசல் பக்கம் போகும்போது விளக்கைப் போட்டுக்கொள்கிறேன். பூஜை மாடத்தில் அவர் படத்துக்குச் சோறு வைத்துவிட்டுத் திட்டினேன், “செத்தும் செருப்பு வைக்கத் தெரியலையா உங்களுக்கு” என்று. கோயில் குருக்களோ, இப்படி ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று நிற்கிறவர்களைச் சொல்லி அனுப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்கும் கதி இல்லை, நமக்கும் தூக்கம் இல்லை என்கிறார்.

ஆகவே தங்களிடம் ஓர் உதவி. கடைசி அத்தியாயத்தில் நமாகுரோ மறுபடி கரையேறப் போகிறதாம். அதற்குமுன் தங்கள் பக்கத்தில் ரசிகர்கள் எல்லோரும் சேர்ந்து, ‘குவாபரா டமோட்சு அவர்களே, இரண்டு படகையும் கடலைப் பார்க்க வைத்துவிட்டுப் போய் வாருங்கள்’ என்று பெயர் சொல்லிப் போட வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டார். ரசிகர்கள் சொன்னால் கேட்பார். ஆயுசு முழுக்க ரப்பருக்குள் இருந்த மனிதர், அவரை ஒரு ரசிகர்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தக் குரல் கேட்டால் சந்தோஷமாகப் போவார். நானும் நிம்மதியாக இருப்பேன். இதைத் தீர யோசித்துத்தான் எழுதுகிறேன்.

வெயிலில் அதிகம் அலையாதீர்கள். தங்கள் இதழும் குடும்பமும் செழிக்க என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
குவாபரா ஃபுமியே

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கடிதத்தைத் தபாலில் போடலாம் என்று வாசலுக்குப் போனேன். என் காலணிகள் இரண்டும் வெளியே பார்த்தபடி, நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. காலையில் நான் அவற்றைத் தொடவில்லை. அத்தனை வருஷமும் இதற்காகத்தானே கத்தினேன்? நான் எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று படித்திருக்கிறார். அதுவும் நான் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது, எனக்குத் தாங்கவில்லை. ஒரு காலணியை நானே உள்ளே பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். மேலே எழுதியது எதையும் தயவுசெய்து அச்சிட வேண்டாம். அந்தப் படகுகளை யாரும் தொட வேண்டாம் என்று மட்டும் கம்பெனிக்குச் சொல்லுங்கள்.