ஓரின் தோண்டிய குழி

டன்மோர் காட்டு மண்ணில் கிடக்கும் எந்தப் பொருளுக்கும் நூறு வயது ஆகிவிட்டால் அது பாரம்பரியச் சின்னம், எடுத்தால் குற்றம். ஆகாவிட்டால் குப்பை, போட்டவருக்கு அபராதம். தோண்டுவதற்கு முன்பே வயதைத் தெரிந்துகொள்வது தோண்டுபவரின் கடமை என்று விதி சொன்னது.

பள்ளி பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஓரின் பெல்கி விதியை மதிப்பவர். அதுதான் அவர் செய்த தப்பு. மேப்பிள் மரங்களுக்கு நடுவே அவருடைய உலோகம் தேடும் கருவி கீச்சிட்டது. தோண்டினால், 1817ஆம் வருஷத்துச் செப்புக் காசு! ஆசைதீரப் பார்த்துவிட்டுக் குழியிலேயே வைத்து மூடினார். மூடிய அவசரத்தில் விரலிலிருந்த கல்யாண மோதிரமும் கூடவே போய்விட்டது.

"அடுத்த வாரம் நம்ம ஐம்பதாவது கல்யாண நாள்" என்றாள் மனைவி ஆர்டித். "மோதிரம் இல்லாம கேக் வெட்ட வந்தே, கத்தி உன் பக்கம்தான் திரும்பும்."

மறுநாள் ஓரின் தொல்பொருள் அதிகாரி வின்ஸ்லோ முன் போய் நின்று, காசு கிடைத்ததையும் மோதிரம் விழுந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"மோதிரம் எந்தக் காலத்தது?"

"எங்க தாத்தாவோடது சார். நூறு தாண்டியிருக்கும்."

"அப்ப பாரம்பரியச் சின்னம். எடுக்கக்கூடாது."

"நேத்து வரைக்கும் என் விரல்லதானே சார் இருந்துச்சு!"

"விரல் எங்க அதிகாரத்துல வராது. மண்ணு வரும்."

"சரி, புது மோதிரம்னே வச்சுக்கங்க."

"அப்ப குப்பை போட்டிருக்கீங்க" என்று வின்ஸ்லோ அபராத ரசீதைக் கையில் எடுத்தார்.

பழசுதான் என்று ஓரின் ஒப்புக்கொண்டார்.

அலுவலகம் சும்மா இருக்குமா? சின்னத்தைப் பாதுகாக்கும் பொருட்டு அங்கே ஒரு பலகை நட்டது: 'இவ்விடத்தில் பழைய நாணயம் புதைந்துள்ளது. எவரும் தோண்டலாகாது.' கீழே அம்புக்குறி. அந்த வாரமே கருவி வாங்காதவன் மனுஷனே இல்லை என்றாகிவிட்டது. பல் டாக்டர் வாங்கினார், பாதிரியார் வாங்கினார். நாய் கழுத்தில் மாட்டுகிற கருவிகூடக் கடைக்கு வந்தது.

பிறகு வின்ஸ்லோ தலைமையில் முறைப்படி ஆய்வு நடந்தது. குழியில் மோதிரம் இருந்தது. செப்புக் காசைக் காணோம். அந்த இடத்தில் இந்த வருஷத்து ஐந்து சென்ட் பளபளத்தது. பழைய காசை எடுத்தவன் புதுக் காசு ஒன்று போட்டு மூடுவது தோண்டுகிறவர்கள் வழக்கம். ஓரினும் எப்போதும் பையில் ஒன்று வைத்திருப்பார்.

"புதுக் காசைப் பழசுன்னு பொய்த் தகவல் குடுத்திருக்கீங்க" என்று வின்ஸ்லோ கண்டித்தார். மோதிரம் அருங்காட்சியகத்துக்குப் போனது.

கல்யாண நாளன்று தம்பதிகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு தங்கள் மோதிரத்தைப் பார்க்கப் போனார்கள். ஊரே வரிசையில் நின்றது. வாசலில் காவலாளி கருவியால் தடவத் தடவ ஒவ்வொரு பையும் கீச்சிட்டது.

"பழசா, புதுசா?"

"புதுசு" என்று பல் டாக்டர் பையிலிருந்ததைக் கைக்குள் மூடித் தூக்கிக் காட்டினார். பாதிரியாரும் அப்படியே. வின்ஸ்லோவும் "புதுசுதாம்பா" என்றார். அவர் விரலிடுக்கில் செப்புக் களிம்பின் பச்சை தெரிந்தது. எல்லோரும் உள்ளே போனார்கள்.

ஓரின் கையைத் திறந்தே காட்டினார். ஐந்து சென்ட். இந்த வருஷத்தது.

"குப்பை. உள்ள விட முடியாது."

"அவங்களும் புதுசுன்னுதானேப்பா சொன்னாங்க?"

"அவங்களோடத நான் பார்க்கல சார். உங்களோடத பார்த்துட்டேனே!"

ஆர்டித் தனியாக உள்ளே போய்த் திரும்பி வந்தாள்.

"நல்லா துடைச்சு வச்சிருக்காங்க. அடியில 'உரிமையாளர் எவரும் முன்வரவில்லை'ன்னு எழுதியிருக்கு" என்றாள். "ஊரே கையை மூடிக்கிட்டுப் போறப்ப, உனக்கு மட்டும் என்னய்யா திறக்கற வியாதி?"