விமல்ராஜுக்கு வந்த முதல் ஆர்டர்

இனிமேல் பாத்திரம் தேய்ப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விமல்ராஜ் முடிவெடுத்தான். செஞ்சிக்கோட்டையைக் கட்டியவர்கள்கூட அவ்வளவு உறுதியாக எதையும் முடிவெடுத்திருக்க மாட்டார்கள்.

"இது மைக் புடிக்கிற கை. தேங்கா நாரைப் புடிக்காது. நான் சுதந்திரக் கலைஞன்!"

"அப்டின்னா இன்னா மாமா?" என்றாள் மனைவி ஜெயசுதா.

"கம்பெனி கிடையாது. மொதலாளி கிடையாது. சொந்தமா ராப் எழுதி, சொந்தமா பாடி, சொந்தமா வித்துச் சம்பாரிக்கிறவன்."

"சம்பாரிச்சிட்டியா?"

பகலில் அவன் கடைவீதியில் மோட்டார் பம்பு விற்கும் கடையில் பில் போட்டான். மாலையில் பீரோவைத் திறந்து, அவள் புடவைகளுக்குள் தலையை நுழைத்துப் பாடினான். அங்கேதான் தெருச் சத்தம் கேட்காதாம். நல்ல மைக் வாங்கச் சேர்த்த பணம் பீரோ மேல் ஒரு பழைய சாக்ஸுக்குள் இருந்தது. எட்டு மாதத்தில் ஆறு பாட்டு. இணையத்தில் நாற்பத்தொரு முறை ஓடியிருந்தது. முப்பது முறை அவனே ஓட்டியது. வந்த வருமானத்தில் அரை டீ குடிக்கலாம்.

"ஆடி முடியறதுக்குள்ள ராப்புல ஒரே ஒரு ஆர்டர் புடிச்சிக் காட்டு. பாத்திரத்த நானே தேய்க்கிறேன். இல்லன்னா ஆயுசுக்கும் நீதான்," என்று பந்தயம் கட்டினாள் ஜெயசுதா.

ஆடி இருபத்தெட்டில் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்தது. பெயர் ஆனந்தராஜ், ஊர் திண்டிவனம். கல்யாண நாளுக்கு மனைவியைப் புகழ்ந்து பாட்டு வேண்டும். கணவனே பாடுவதுபோல, செய்யப்போகும் வீட்டு வேலைகளைச் சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டும். முன்பணம் ரெண்டாயிரம் உடனே வந்து விழுந்தது.

விமல்ராஜ் பீரோவுக்குள் பாய்ந்தான். அந்துருண்டை வாசனையில் கவிதை பொங்கியது. ராப் பாடுகிறவர்கள் பாட்டின் தொடக்கத்தில் தங்கள் பேரையும் ஊரையும் சொல்லி முத்திரை குத்துவது வழக்கம். ஆனந்தராஜ் அதைக் கேட்கவில்லை. இவன் விடவில்லை. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று குத்தி, பாட்டை அனுப்பிவைத்தான்.

அடுத்த ஞாயிறு ஜெயசுதாவின் மகளிர் குழு வீட்டில் கூடியது. பன்னிரண்டு பெண்கள். அடுத்த வீட்டு மீனம்பாள் ஸ்பீக்கரை முடுக்கினாள்.

"செஞ்சி விமல்ராஜ் பேசுறேன், நல்லா காதுல வாங்கு!
நாரும் சோப்பும் என் கையில, நீ போயித் தூங்கு!
சட்டி பானை தேய்ப்பேன், சாகுற வரைக்கும் தேய்ப்பேன்!
தண்ணிக் கொடம் தூக்கியாந்து தவலையில சாய்ப்பேன்!"

கைதட்டலில் பல்லி ஓடியது.

"அய்யய்யோ, அது ஆனந்தராஜுக்காக எழுதனது!"

"அவன் என் தம்பிதான்," என்றாள் மீனம்பாள். "இன்னும் கல்யாணமே ஆவல."

"பேரு உன்னுது, ஊரு உன்னுது, கொரலும் உன்னுது," என்றாள் ஜெயசுதா. "சத்தியம் மட்டும் யாருது மாமா?"

விமல்ராஜுக்கு இன்னும் ஒரு பிடி மிச்சமிருந்தது. "எவன் குடுத்தா இன்னா? ஆர்டர் ஆர்டர்தான். ரெண்டாயிரம் ராப்புல வந்த காசு. பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன்!"

"ஜெயிச்ச காச சாக்ஸுலயே திரும்ப வெச்சிடு மாமா. அங்கருந்துதான் எடுத்து மீனம்பாக்கா தம்பிகிட்ட குடுத்தேன்."

தன் பாட்டைத் தானே காசு கொடுத்து வாங்கிய சுதந்திரக் கலைஞன், நார் எங்கே இருக்கிறது என்று கேட்டான்.