நெலிடா டீச்சரின் பாஸ்வேர்ட்

"பாஸ்வேர்ட் தவறு. இன்னும் நான்கு முயற்சிகள் உள்ளன" என்றது கம்ப்யூட்டர்.

நெலிடா டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, வெள்ளை அங்கியின் ஓரத்தில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் நான்குதான்.

வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள் கழுத்தில் நீல ரிப்பன் முடிச்சோடு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய திரை. அதில் ஃபின்லாந்துப் பள்ளி ஒன்றில் ஸ்பானிஷ் படிக்கும் பதினெட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. முதல் பெஞ்சில் மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குவளையும் வெந்நீர் ஃபிளாஸ்க்குமாக இன்ஸ்பெக்டர் ஸுல்மா அம்மையார்.

"ஹலோ உருகுவே! ஆரம்பிக்கலையா?" என்று ஃபின்லாந்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இதோ, ஒரு நிமிஷம் கண்ணுகளா!"

அந்த ஒரு நிமிஷம் அரை மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரலிலிருந்து இரண்டு வகுப்புகளும் சேர்ந்து படித்த பாடம், இணையத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்பது. இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து நாடகம் போட்டுப் படம் பிடித்திருந்தார்கள். அந்தப் படம் டீச்சரின் கணக்குக்குள் பூட்டிக் கிடந்தது. 'பிள்ளைகள் முகம் இருக்கிறது, வேறெங்கும் நகல் வைக்கக் கூடாது' என்று சட்டம் போட்டவரும் டீச்சர்தான். 'கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைச் சேமித்து வைக்கக் கூடாது' என்று நேற்றுப் பாடம் நடத்திய கையோடு, சேமித்திருந்ததை எல்லாம் அழித்தவரும் அவரேதான்.

"டீச்சர், நான் ஒளிவுமறைவில்லாம சொல்லிடறேன்" என்றார் ஸுல்மா. "பேப்பர்ல எல்லாரும் அழகா எழுதறாங்க. பிள்ளைங்க நிஜமா கத்துக்கிட்டாங்களான்னு நான் பாக்கணும். இல்லேன்னா அடுத்த வருஷம் இந்த ஃபின்லாந்துத் திட்டத்தை மெலோ ஊர்ப் பள்ளிக்கு மாத்திடுவேன்."

டிசம்பரில் டீச்சருக்கு ஓய்வு. முப்பத்தெட்டு வருஷச் சாக்பீஸ் தூசிக்குப் பிறகு, கடைசியாக இந்தப் பிள்ளைகளுக்கு விட்டுப்போக அவரிடம் இருந்தது இந்த ஒரு ஜன்னல்தான். அதைத் தன் மறதியே சாத்திவிடுமோ என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

அவருக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்று. ஜூன் மாதம், பள்ளியில் தேசியக் கொடிக்கு உறுதிமொழி எடுத்த மறுநாள், அதே பாணியில் பிள்ளைகளிடம் இன்னொரு உறுதிமொழியும் வாங்கினார். "யாருடைய பாஸ்வேர்ட் தெரிஞ்சாலும், யாரு கேட்டாலும், டீச்சரே கெஞ்சினாலும் வாயைத் திறக்க மாட்டோம்!" இரண்டு நாட்டிலுமாக நாற்பது பிள்ளைகளும் நெஞ்சில் கை வைத்து, "ஆம், உறுதி!" என்றார்கள். அந்த உணர்ச்சி வேகத்தில் அங்கேயே தன் பாஸ்வேர்டையும் புதிதாக மாற்றினார். மனதுக்கு நெருக்கமான ஏதோ பழைய விஷயம். என்ன பழைய விஷயம்?

மனிதரிடம் பழைய விஷயங்களுக்கா பஞ்சம்!

"பம்-பே-ரோ" என்று முணுமுணுத்தபடி அடித்தார். சின்ன வயதில் அவரையும் சேர்த்து மூன்று பிள்ளைகளை முதுகில் சுமந்து பள்ளிக்குப் போன குதிரையின் பெயர். முப்பத்தெட்டு வருஷம் டிக்டேஷன் சொல்லிச் சொல்லி, கை எழுதுவதை எல்லாம் வாயும் சொல்லும். அவர் எழுதும் மளிகைப் பட்டியல் பக்கத்து வீட்டுக்கே மனப்பாடம்.

பின்வரிசையில் செஃபெரினோ என்கிற பையன், எண்டர் தட்டுவதற்கு முன்பே முகத்தைச் சுளித்தான்.

தவறு. மூன்று.

"லா-கலெ-ரா." முதலில் வேலை பார்த்த ஊர். தவறு. இரண்டு.

"ரகசியக் கேள்விக்குப் பதில் சொல்லித் திறக்கலாமே?" என்றார் ஸுல்மா.

உங்கள் முதல் செல்லப்பிராணி எது என்று கம்ப்யூட்டர் கேட்டது. ரகசியக் கேள்விக்கு உண்மையான பதிலைக் கொடுக்காதே, பொய்யாக ஒன்றைக் கொடு என்பது மே மாதப் பாடம். ஐந்து மாதத்துக்கு முன்னால் சொன்ன பொய் யாருக்கு நினைவிருக்கும்? ஆமை, கிளி, முதலை என்று மூன்றையும் அடித்துப் பார்த்தார். அந்தக் கதவும் சாத்திக்கொண்டது.

கடைசியாக, போனுக்கு ஓர் எண் அனுப்புவதாகச் சொன்னது. அனுப்பியும் விட்டது. ஆனால் அந்தப் பழைய நம்பரை டீச்சர் எப்போதோ தன் அண்ணன் மகனுக்குக் கொடுத்திருந்தார். அவன் ரோச்சா என்ற ஊரில் கால்நடை மருந்துக் கடை வைத்திருந்தான்.

"டேய் மில்டன், அத்தைடா! உன் போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும், சட்டுனு சொல்லு!"

"யாரு பேசறது?"

"நெலிடா அத்தைடா!"

"குரல் அப்படியே அச்சு அசலா இருக்கு, நல்லாத்தான் பண்றீங்க. ஆனா எங்க அத்தையே சொல்லியிருக்காங்க, யாரு கேட்டாலும் நம்பரைக் குடுக்காதேன்னு. போன கிறிஸ்மஸுக்கு ரெண்டு மணி நேரம் கிளாஸ் எடுத்தாங்க. சாப்பாடே ஆறிப்போச்சு."

"அந்தப் பாவிதாண்டா நான்!"

"அப்ப என் கல்யாணத்துக்கு என்ன குடுத்தீங்க, சொல்லுங்க பாப்போம்."

"அது... மேஜை விரிப்பு?"

"எங்க அத்தை அகராதி குடுத்தாங்க. போனை வைங்க, திருட்டுப் பசங்களா!"

டொக். அடுத்த நொடி கம்ப்யூட்டர் சிவந்தது. 'இது நீங்கள் அல்ல என்று உங்கள் போனிலிருந்து புகார் வந்துள்ளது. இன்னும் ஒரே ஒரு முயற்சி மட்டுமே.'

ஸுல்மாவுக்குக் குடித்துக்கொண்டிருந்த மாத்தே புரையேறியது. டீச்சர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கண்ணுகளா, யாருக்காவது ஏதாவது தோணுதா?"

இருபத்திரண்டு பேரும் குனிந்து தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். ஃபின்லாந்தில் பதினெட்டுப் பேரும் கூரையைப் பார்த்தார்கள். பாவம், நமக்காக வருத்தப்படுகிறார்கள் என்று டீச்சர் உருகிப்போனார்.

லூர்தெஸ் என்கிற சிறுமி மெல்ல எழுந்தாள். "டீச்சர், அந்த ரயில் கதையைச் சொல்லுங்களேன்."

"இப்பவாடி?"

"இப்பத்தான் டீச்சர்."

"ஆமா, ரயில் கதை! ரயில் கதை!" என்று ஃபின்லாந்து குதித்தது. ஸுல்மா கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எப்படியும் மூழ்கியாயிற்று, பிள்ளைகள் கேட்டதையாவது செய்வோம் என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"எனக்கு இருபத்தோரு வயசு. முதல் வேலை. தினம் விடியக்காலை ரயில்ல போகணும். தினமும் நான் லேட். மூச்சிரைக்க ஓடி வருவேன். கார்டு ஒருத்தர் இருந்தார். என்னைத் தூரத்துல பாத்ததும் கொடியைக் கீழே வெச்சிட்டு, குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட ஆரம்பிச்சிடுவார். நான் ஏறின பிறகுதான் அவருக்கு லேஸ் கட்டி முடியும். நாலு வருஷம்! ஒரு நாள் கூட ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினதில்லை. அப்புறம் அந்த ரயிலையே நிறுத்திட்டாங்க. கடைசி நாள், நான் முதல் தடவையா சரியான நேரத்துக்குப் போய் நின்னேன். அப்பவும் அவர் குனிஞ்சு லேஸைக் கட்டினார். 'இன்னைக்கு எதுக்குங்க?'ன்னு கேட்டேன். 'பழகிடுச்சு டீச்சர்'ன்னார். கண்ணு ரெண்டும் கலங்கியிருந்துச்சு. அவருக்கும், எனக்கும்."

ஸ்டேஷனின் ஈரப் பலகை வாசனை கூட இப்போது அவர் மூக்கில் ஏறியது. எத்தனை நல்ல மனிதர்கள் சத்தமில்லாமல் நமக்காக ரயிலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"அவர் பேரு என்ன டீச்சர்?" என்றாள் லூர்தெஸ்.

"உபால்தோ."

"ரயில் எத்தனை மணிக்கு டீச்சர்?" என்று ஃபின்லாந்திலிருந்து ஹெல்கா என்கிற சிறுமி கேட்டாள்.

"ஆறு நாப்ப..."

டீச்சர் துள்ளி எழுந்தார். விரல்கள் பறந்தன. "உ-பால்-தோ, ஆறு, நாலு, பூஜ்யம்!"

நாற்பது பிள்ளைகளும், பட்டாசுக்குப் பயந்தவர்கள் போல, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கணக்கு திறந்தது!

நாடகம் ஓடியது. முன்பின் தெரியாத ஆளாக செஃபெரினோ மிட்டாய்க் குரலில் முகவரி கேட்க, ஃபின்லாந்துப் பையன் ஒருவன், "எங்கம்மாகிட்ட கேளு" என்று விரட்டினான். இரண்டு நாடுகளும் கை தட்டின. டீச்சர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அந்த நேரத்தில் ரயில் கதையைக் கேட்கவேண்டும் என்று லூர்தெஸுக்குத் தோன்றியதே, எல்லாம் அதிர்ஷ்டம்தான்!

ஸுல்மா பேனாவை எடுத்தார். ஆனால் திட்டத்தைத் தொடர அனுமதிக்கும் தாளில் கையெழுத்துப் போடவில்லை.

"நாடகம் பிரமாதம். ஆனா நாடகம் வேற, நிஜம் வேற. உண்மையிலேயே ஒருத்தரோட ரகசியம் கையில கிடைச்சா, இந்தப் பிள்ளைங்க அதைக் காப்பாத்துவாங்கன்னு என்ன நிச்சயம்?"

அதற்கு அத்தாட்சி காட்ட டீச்சர் எங்கே போவார்?

திரையில் ஹெல்கா கையைத் தூக்கினாள்.

"இன்ஸ்பெக்டர் மேடம், ஜூன்ல டீச்சர் பாஸ்வேர்ட் மாத்தினப்ப டிக்டேஷன் மாதிரி ரெண்டு தடவை சத்தமா சொன்னாங்க, எங்க பதினெட்டுப் பேருக்கும் தெரியும், அங்க இருக்கிற இருபத்திரண்டு பேருக்கும் தெரியும், இன்னைக்கு அவங்க அழற மாதிரி ஆனப்ப கூட, யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தோமா?"